ஓக்லாந்தின் கடைசிப் பருவம்

மார்ச் 28, 2024, வியாழன்

இன்று மாலை ஓக்லாந்தின் பேஸ்பால் அரங்கான கொலிசியத்தின் கார் நிறுத்துமிடத்தில் திருவிழாக் கூட்டம். அரங்கின் உள்ளேயோ வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். வெளியே முரசடித்தார்கள், பச்சைக் கொடிகளை ஆட்டினார்கள், அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டினார்கள். அணியை 'விற்றுவிடு' என்று உரிமையாளருக்குச் சொல்லும் பச்சைச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு குழந்தைகள் ஓடியாடினார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகும் பலர் உள்ளே நுழையவில்லை. தங்கள் டிக்கெட் காசு உரிமையாளருக்குப் போகக் கூடாது என்பதில் உறுதி. வீட்டிலேயே இருந்துவிடவும் மனமில்லை. வாசல் வரை வந்து நின்றார்கள்.

நானும் மகளும் உள்ளே போனோம். மைதானத்தில் நிற்கும் இளைஞர்கள் யாரும் அணியை ஊரைவிட்டுக் கொண்டுபோகும் முடிவை எடுக்கவில்லை. அவர்களுக்குக் கைதட்ட ஆள் வேண்டும். கிளீவ்லாந்திடம் 0-8 என்று தோற்றார்கள். வந்திருந்தவர்கள் 13,522 பேர்.

ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ், இங்குள்ளவர்கள் வாயில் 'ஏஸ்'. 1901-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, 1955-இல் கேன்சஸ் சிட்டிக்கும் 1968-இல் ஓக்லாந்துக்கும் வந்த அணி. 1972, 73, 74 என்று அடுத்தடுத்து மூன்று முறையும், 1989-இல் மறுபடியும் உலகத் தொடரை வென்றது. போன வருடம் 50 வெற்றி, 112 தோல்வி. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரையும் விற்றுவிட்ட அணி வேறு எப்படி ஆடும்? போன நவம்பரில் முப்பது அணிகளின் உரிமையாளர்களும் ஒருமனதாக வாக்களித்து, இந்த அணி லாஸ் வேகஸுக்குப் போகலாம் என்று அனுமதித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 4, வியாழன்

அறிவித்துவிட்டார்கள். வேகஸ் அரங்கு 2028-க்குத்தான் தயாராகும். அதுவரை இருக்கப்போவது மேற்கு சாக்ரமென்டோவில், சுமார் 14,000 பேர் மட்டுமே அமரக்கூடிய கீழ்நிலை லீக் மைதானத்தில். அங்கே அணியின் பெயரோடு எந்த ஊரும் ஒட்டாதாம், வெறும் 'அத்லெட்டிக்ஸ்'.

எங்கள் ஃப்ரீமாண்டுக்கே இந்த அணி வருவதாக இருந்தது. 2006-இல் அரங்குத் திட்டம் போட்டார்கள், 2009-இல் கைவிட்டார்கள். பிறகு சான் ஹோசே; அந்தப் பகுதி சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் எல்லைக்குள் வருகிறது என்று முட்டுக்கட்டை. பிறகு ஓக்லாந்துத் துறைமுகத்தை ஒட்டிய ஹோவர்ட் டெர்மினல். 2023-இல் அந்தப் பேச்சும் முறிந்தது. வேகஸ் அரங்குக்கு நெவாடா மாநில அரசு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தர முன்வந்தது.

கொலிசியம் பழுதான கட்டடம்தான், மறுக்கவில்லை. 1966-இல் திறந்தது, கழிவுநீர் பொங்கி ஆட்டக்காரர்களின் அறைகளுக்குள் வந்த நாட்கள் உண்டு. தொண்ணூறுகளில் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக எழுப்பிய பெரும் காங்கிரீட் அடுக்கு, வெளிக்களத்துக்கு அப்பால் தெரிந்த குன்றுகளை மறைத்துவிட்டது. அந்தக் கால்பந்து அணியான ரெய்டர்ஸ் 2020-இல் வேகஸுக்குப் போனது. கூடைப்பந்து அணி வாரியர்ஸ் அதற்கு முந்தைய வருடமே வளைகுடாவைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போயிருந்தது. ஊரில் மிச்சமிருந்தது இந்த ஒன்று.

பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் முப்பது அணிகளுக்குத்தான் இடம். கீழ்நிலையில் நன்றாக ஆடி ஒரு புதிய அணி மேலே வர வழியே கிடையாது. அதனால் அணி வேண்டும் என்று ஊர்கள்தான் வரிசையில் நிற்கின்றன, கையில் வரிப்பணத்தோடு. இந்த ஏற்பாடு அநியாயம். இதைச் சொல்ல எனக்குப் புள்ளிவிவரம் எதுவும் தேவைப்படவில்லை.

மே 4, சனி

20-4! மயாமி அணியைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் பத்து ஓட்டங்கள். 17 வெற்றி, 17 தோல்வி. போன வருடம் 112 முறை தோற்ற அணி சரிபாதியில் வந்து நிற்கிறது.

பிரென்ட் ரூக்கர் அடிக்கும்போது மட்டையின் சத்தமே வேறு. மற்ற அணிகள் வேண்டாம் என்று கழித்துவிட்ட பின் இங்கே வந்து நிமிர்ந்தவர். கடைசி இன்னிங்ஸ்களுக்கு மேசன் மில்லர். மணிக்கு நூறு மைலுக்கு மேல் வீசுகிறார், முதல் வகை நீரிழிவோடு. தொலைக்காட்சியில் ஜென்னி காவ்னரின் வர்ணனை. ஒரு மேஜர் லீக் அணிக்கு முதன்மை நேரலை வர்ணனையாளராக அமர்ந்த முதல் பெண் இவர். இந்தக் கடைசிப் பருவத்தில்தான் பொறுப்பேற்றிருக்கிறார். மகள் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாள்.

ஜூன் 5, புதன்

நேற்று மேற்கு ஓக்லாந்தின் ரைமண்டி பூங்காவில் 'ஓக்லாந்து பாலர்ஸ்' என்ற புது அணியின் முதல் உள்ளூர் ஆட்டம். எந்த மேஜர் லீக் அணிக்கும் கீழ் இல்லாத பயனியர் லீக் அணி. ஏஸ் போகிறது என்று தெரிந்ததும் இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். பூங்காவைச் சில மாதங்களில் சீர்செய்து இருக்கைகள் போட்டு, கூட்டத்தால் நிரப்பிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த உள்ளூர் ஆட்டக்காரர் எர்னி ரைமண்டியின் பெயர் தாங்கிய இடம் இது.

இந்தப் பகுதியிலேயே இருக்கிறது மெக்லைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி. பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஃபிராங்க் ராபின்சன், வாடா பின்சன், கர்ட் ஃபிளட் மூவரும் அங்கே படித்தவர்கள். ஃபிளட்டைப் பற்றி எழுதாமல் இந்தக் குறிப்பேட்டை மூடக் கூடாது என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

ஃபிளட் செயின்ட் லூயிஸ் அணியின் நடு வெளிக்களத்தில் ஆடினார். சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதைத் தொடர்ந்து ஏழு வருடம் வாங்கியவர். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைய வழக்கப்படி அணி சொன்ன இடத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஆட்டத்தையே விட வேண்டும். ஃபிளட் போக மறுத்தார். வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்து இல்லை என்று பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். வழக்குப் போட்டார். ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம், முப்பத்தொன்றே வயது. அத்தனையையும் பணயம் வைத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்புக்கு அடிப்படை 1922-இல் அதே நீதிமன்றம் சொன்ன ஒன்று. பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வணிகம் ஆகாதாம். ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தொடாதாம். ஐம்பது வருடம் கழித்து நீதிபதிகளே அதை விந்தையான விலக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டும் அப்படியே விட்டார்கள். ஆட்டக்காரர்கள் சில வருடங்களில் வேறு வழியாகத் தங்கள் விடுதலையைப் பெற்றுவிட்டார்கள். ஃபிளட்டின் ஆட்டவாழ்வு அதற்குள் முடிந்துபோயிருந்தது. ஊர்களுக்கு மட்டும் அந்த விடுதலை இன்னும் கிடைக்கவில்லை. ஏஸ் அணியைத் தங்கள் ஊருக்கு வரவிடாமல் தடுப்பதாக சான் ஹோசே தொடுத்த வழக்கு 2015-இல் தோற்றதும் இதே விலக்கைக் காட்டித்தான்.

திரும்பும் வழியில் மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அவர் கேட்ட கேள்வியைத்தானேம்மா இப்ப இந்த ஊரும் கேக்குது?" என்றாள். அதைத்தான்.

ஜூன் 19, புதன்

ஜயன்ட்ஸ் அணியின் மாபெரும் ஆட்டக்காரர் வில்லி மேஸ் நேற்று காலமானார். 93 வயது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் முழுவதும் துக்கம். எனக்குக் கொலிசியம்தான் நினைவுக்கு வந்தது. 1973 உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டம் இங்கேதான் நடந்தது. நியூயார்க் மெட்ஸுக்காக ஆடிய மேஸ், பன்னிரண்டாவது இன்னிங்ஸில் அணியை முந்தவைத்த அடியை அடித்தார். அவர் ஆட்டவாழ்வின் கடைசி அடி அது.

ஏஸ் மே மாதத் தொடக்கத்துக்குப் பிறகு சரிந்துகொண்டே இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

ஃபிலடெல்ஃபியாவில் 18-3 வெற்றி. எட்டு ஹோம் ரன்கள், அவற்றில் மூன்று லாரன்ஸ் பட்லருடையவை. மே மாதத்தில் கீழ்நிலை அணிக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பையன்! பருவத்தின் நடு இடைவேளைக்கு 37 வெற்றி, 61 தோல்வியோடு போகிறார்கள். கணக்கு மோசம்தான், ஆட்டம் மாறிவிட்டது.

ஃபிலடெல்ஃபியா இந்த அணியின் தாய்வீடு. கானி மேக் அங்கே ஐம்பது வருடம் இதன் மேலாளராக இருந்தார். போட்டி மேலாளர் ஒருவர் இந்த அணியைப் பயனற்ற வெள்ளை யானை என்று இகழ, மேக் யானையையே சின்னமாக ஏற்றுக்கொண்டார். இன்றும் சட்டைக் கையில் யானை இருக்கிறது.

ஒன்றை நேர்மையாக எழுத வேண்டும். ஃபிலடெல்ஃபியா இழந்துதான் கேன்சஸ் சிட்டி பெற்றது. கேன்சஸ் சிட்டி இழந்துதான் ஓக்லாந்து பெற்றது. 1967-இல் அங்கேயும் யாராவது இப்படி நாட்குறிப்பு எழுதியிருப்பார்கள். ஆனால் அவர்களுக்காக ஸ்டூவர்ட் சைமிங்டன் என்ற செனட்டர் இருந்தார். பேஸ்பாலின் சட்ட விலக்கின் மேல் கைவைப்பேன் என்று மிரட்டினார். 1969-லேயே கேன்சஸ் சிட்டிக்குப் புது அணி கிடைத்துவிட்டது. லீக் எதற்கு அஞ்சும் என்பது இதில் தெரிகிறது. ஓக்லாந்தின் காங்கிரஸ் உறுப்பினர் பார்பரா லீயும் அதே விலக்கைக் குறிவைத்து மசோதா கொண்டுவந்தார். அது வாக்கெடுப்பு வரைக்கும் வரவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கொலிசியத்தில் ஜயன்ட்ஸோடு கடைசி மோதல். நேற்று வென்றது ஏஸ், இன்று ஜயன்ட்ஸ். 1989 உலகத் தொடரில் இந்த இரண்டு அணிகளும் மோதியபோதுதான், மூன்றாம் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நிலநடுக்கம் வந்தது. வளைகுடாவின் இரு கரைக்காரர்களும் ஒருவரையொருவர் கிண்டல் செய்தபடியே ஒரே பார்ட் ரயிலில் வீடு திரும்பினோம்.

செப்டம்பர் 26, வியாழன்

பகல் ஆட்டம். காலையிலேயே பார்ட் ரயில் பச்சையும் பொன்னுமாக நிரம்பிவிட்டது. நிலையத்திலிருந்து அரங்குக்குப் போகும் நடைபாலத்தில் வழக்கம்போல் பன்றி இறைச்சி சுற்றிய ஹாட் டாக் புகை, டி-ஷர்ட் விற்பவர்களின் கூவல். பள்ளிக்கு விடுப்புச் சொல்லி மகளையும் அழைத்துப் போனேன்.

46,889 பேர். மார்ச் மாதம் வாசலில் நின்றவர்களும் இன்று உள்ளே வந்திருந்தார்கள். 2000-களில் இங்கே பந்து வீசிய பேரி சீட்டோ தேசிய கீதம் பாடினார். இந்த ஊரிலேயே வளர்ந்த முன்னாள் ஏஸ் நட்சத்திரங்கள் ரிக்கி ஹென்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் தொடக்கப் பந்துகளை வீசினார்கள். ரிக்கி களத்துக்குள் வந்தபோது அரங்கு முழுவதும் எழுந்து நின்றது.

எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம், மூன்று தலைமுறை. பெரியவர் காதில் சின்ன ரேடியோ. 2002 செப்டம்பர் 4-ஆம் தேதி இதே பகுதியில்தான் உட்கார்ந்திருந்தாராம். பத்தொன்பது ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த ஏஸ் அன்று 11-0 என்று முன்னணியில் இருந்து, எதிரணி 11-11 ஆக்கி, ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்காட் ஹாட்டெபெர்க் அடித்த ஹோம் ரன்னில் இருபதாவது வெற்றி வந்தது. 'மணிபால்' படத்தில் எல்லாரும் பார்த்த அதே ஆட்டம். பெரியவர் அதைப் பேரனுக்குப் பந்து பந்தாகச் சொன்னார். பக்கத்து வரிசைகளும் காது கொடுத்தன. ஊர் என்று நான் சொல்வது இந்தப் பேச்சைத்தான். இதை எந்த ஒப்பந்தத்தில் எழுதி சாக்ரமென்டோவுக்கு ஏற்றி அனுப்ப முடியும்?

ஏஸ் 3, டெக்சஸ் 2. ஒன்பதாவது இன்னிங்ஸில் மில்லர். கடைசி மட்டையாளர் அவுட் ஆனதும் எழுந்த ஆரவாரம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மேலாளர் மார்க் காட்சே ஒலிவாங்கியோடு களத்துக்கு வந்தார். ஒரு காலத்தில் இந்தப் புல்லில் ஆட்டக்காரராக ஓடியவர். நன்றி சொல்லிவிட்டு, இந்த ஊர்க்காரர்களின் முழக்கத்தைக் கடைசியாக ஒருமுறை தானே எழுப்பினார். "லெட்ஸ் கோ, ஓக்லாந்து!" மகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மக்கள் கிளம்பவே இல்லை. களத்தின் சிவப்பு மண்ணைக் கேட்டு வாங்கிப் பைகளில் போட்டுக்கொண்டார்கள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

சியாட்டிலில் பருவம் முடிந்தது. 69 வெற்றி, 93 தோல்வி. இடைவேளைக்குப் பின் சரிக்குச் சரி: 32-32. ரூக்கர் 39 ஹோம் ரன்கள். மில்லர் கடைசியில் வந்து 28 வெற்றிகளைக் காத்துக் கொடுத்திருக்கிறார். அணியின் வரலாற்றில் புதுமுகம் ஒருவருக்கு இதுவே அதிகம். வளர்ந்துவரும் அணி. வளர்ந்த பிறகு வேறு ஊர் பார்க்கும்.

பாலர்ஸ் தங்கள் ரசிகர்களுக்கே பங்கு விற்றிருக்கிறது. சிறிய அணிதான், கீழ்நிலை லீக்தான். ஆனால் உரிமையில் ஊருக்கு ஒரு பகுதி எழுத்திலேயே இருக்கிறது. அடுத்த கோடையில் எங்கள் டிக்கெட் காசு ரைமண்டி பூங்காவுக்கு.

டிசம்பர் 22, ஞாயிறு

ரிக்கி ஹென்டர்சன் போய்விட்டார். வெள்ளிக்கிழமை நடந்தது, நேற்றுதான் செய்தி வந்தது. கிறிஸ்துமஸ் அன்று 66 வயது ஆகியிருக்கும். மூன்று மாதம் முன்னால் கொலிசியத்தில் பந்து வீசிய மனிதர்.

பந்துவீச்சாளர் வீசத் தொடங்கும் கணத்தில் ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி ஓடிப் பறித்துக்கொள்வதுதான் பேஸ் திருட்டு. அதை 1,406 முறை செய்தவர் ரிக்கி. அடுத்த இடத்தில் இருப்பவர் லூ பிராக், 938. 1982-இல் ஒரே பருவத்தில் 130. மேஜர் லீக்கில் அதிக ஓட்டங்கள் எடுத்தவரும் இவரே, 2,295. நான்கு தனித்தனிக் காலகட்டங்களில் ஏஸுக்கு ஆடினார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது வளர்ந்த ஊருக்கு.

அவர் படித்தது ஓக்லாந்து டெக்னிகல் உயர்நிலைப் பள்ளி. பையனுக்கு அமெரிக்கக் கால்பந்தில்தான் ஆசை. பேஸ்பாலில் மனம் வைக்கட்டும் என்று பள்ளி ஆலோசகராக இருந்த ஓர் அம்மாள் ஓர் ஏற்பாடு செய்தார்: ஒவ்வொரு அடிக்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும், ஒவ்வொரு திருட்டுக்கும் 25 சென்ட். முதல் பத்து ஆட்டங்களில் 30 அடி, 25 ஓட்டம், 33 திருட்டு என்று 2009-இல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் ரிக்கியே சொன்னார். மகள் காகிதத்தில் கூட்டிப் பார்த்தாள். 22 டாலர். உரிமையாளர்கள், ஒப்பந்தங்கள், லீக் எல்லாம் வருவதற்கு முன்னால் ஓக்லாந்து அவர் மேல் போட்ட பணம் அது.