நொடிக்கு அஞ்சு கேபி

ஜிபிஆர்எஸ் பற்றிய பாடத்தில் 171.2 என்றொரு எண் வரும். நொடிக்கு 171.2 கிலோபிட். செமஸ்டருக்குப் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த வேகத்தைக் கையில் இருந்த போனில் பார்த்த ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

அந்த எண் வந்த கதை எளிது. ஜிஎஸ்எம்மில் ஒரு அலைவரிசையை எட்டுக் காலத்துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒரு துண்டில் அதிகபட்சம் 21.4 கிலோபிட் போகும். எட்டால் பெருக்கினால் 171.2. ஆனால் அதற்கு உங்கள் போன் எட்டுத் துண்டுகளையும் எடுத்துக்கொள்ளணும், சிக்னல் பளிங்கு மாதிரி இருக்கணும், அந்த நேரத்தில் அந்த அலைவரிசையில் வேறு ஒருத்தரும் பேசக்கூடாது. நம் ஊரில் புழங்கிய போன்கள் பெரும்பாலும் டவுன்லோடுக்கு நான்கு துண்டுகளுக்கு மேல் எடுக்காதவை. சாதாரண சிக்னலில் துண்டுக்கு 13.4 என்று வைத்தால் மொத்தம் 53.6. அதையும் எட்டால் வகுக்கணும், ஏன்னா விளம்பரம் பிட்டில் பேசும், ஃபைல் பைட்டில் இறங்கும். கடைசியில் கைக்கு வருவது நொடிக்கு ஆறு, ஏழு கேபி. நடைமுறையில் அஞ்சு வந்தாலே அன்றைக்கு நல்ல நாள்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் புரிந்துகொள்ளவில்லை. 2009இல் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று புரிந்துகொண்டேன். என்னிடம் நோக்கியா 3110 கிளாசிக் இருந்தது. அதில் எட்ஜ் உண்டு. அறை நண்பனிடம் அவன் அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த 6600. எட்ஜ் கிடையாது, வெறும் ஜிபிஆர்எஸ். எட்ஜ் அதே காலத்துண்டுக்குள் ஒரு துடிப்புக்கு ஒரு பிட் அனுப்புவதற்குப் பதில் மூன்று பிட் அனுப்பும். துண்டுக்கு 59.2 வரை போகலாம். தாளில் என் போன் நாலு மடங்கு வேகம். நான் இதைச் சொல்லிக்கொண்டே இருந்ததில் அவன் கடுப்பாகி, "யாருலே சொன்னா? வா, வச்சே பாத்துருவோம்" என்றான்.

ஒரே சிம்மை இரண்டு போனிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழற்றணும். 300 கேபி அளவுள்ள ஒரு ஜாவா கேம்தான் சோதனை ஃபைல். கைக்கடிகாரத்தில் ஸ்டாப்வாட்ச், நோட்டின் கடைசிப் பக்கத்தில் அட்டவணை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்று, விடியற்காலை நாலு மணிக்கு ஒன்று என ஒரு வாரம் ஓடியது.

நாலு மணிக்கு என் போன் ஜெயித்தது. அவனுடையது ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுத்ததை என்னுடையது இருபது நொடி சொச்சத்தில் இறக்கியது. ஒன்பது மணிக்கு இரண்டுமே இரண்டு நிமிஷத்தைத் தாண்டின. ஒரு நாள் 6600 முந்திக்கொண்டது. அவன் மாடியில் குத்தாட்டம் போட்டான்.

காரணம் போனில் இல்லை. காலத்துண்டுகளைப் பங்கு வைக்கும்போது டவர் முதலில் குரலுக்குக் கொடுக்கும். மிஞ்சியதுதான் டேட்டாவுக்கு. ஒன்பது மணிக்கு விடுதி முழுக்க வீட்டோடும் காதலியோடும் பேசிக்கொண்டிருக்கும். படிக்கட்டில் ஒருத்தன், குளியலறை வாசலில் ஒருத்தன், எங்களுக்குப் பக்கத்திலேயே தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன். அவர்கள் விட்ட இடைவெளிகளில்தான் எங்கள் கேம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இரண்டு போன்களை ஒப்பிட ஆரம்பித்த அட்டவணை, அந்த டவருக்குக் கீழே எத்தனை பேர் பேசுகிறார்கள் என்ற கணக்கெடுப்பாக மாறிப்போனது.

அதில் ஒரு வரிசையில் மட்டும் 412 நொடி என்றிருக்கும். பக்கத்தில் காரணம்: 'அம்மா'. அந்தப் போன்களில் அழைப்பு வந்தால் டேட்டா அப்படியே நிற்கும். "சாப்பிட்டியாப்பா" என்று தொடங்கி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் வரை பேசி அம்மா வைத்த பிறகு, நின்ற இடத்திலிருந்து மறுபடி இறங்கியது. மனிதர் பேசினால் மற்றதெல்லாம் காத்திருக்கட்டும் என்று யாரோ தீர்மானித்துக் கட்டிய நெட்வொர்க் அது.

காத்திருப்பில் இன்னொரு பங்கு பக்கத்தைக் கட்டியவர்களுடையது. ஓபெரா மினி வந்தபோது அது தெரிந்தது. நாம் கேட்கும் பக்கத்தை அவர்களின் சர்வர் முதலில் வாங்கி, சுருக்கி, பத்தில் ஒரு பங்காகக்கூட ஆக்கி அனுப்பும். என் எட்ஜ் போனின் சொந்த பிரவுசர் திணறிக்கொண்டிருக்கும்போது, 6600இல் ஓபெரா மினி அதே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்.

ஆனால் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அட்ரஸ் இடத்தில் ஓபெரா:கான்ஃபிக் என்று அடித்து, கடைசியில் இருக்கும் பிட்மேப் ஃபாண்ட் விஷயத்துக்கு 'யெஸ்' கொடுக்கணும். அப்போது எழுத்துகள் படங்களாக வரும். படம் என்றால் கூடுதல் கேபி, கூடுதல் காசு. படமாக வராவிட்டாலும் கணக்கு நமக்குச் சாதகமில்லை. ஆங்கிலத்தில் நம் மொழியின் பெயரை எழுத அஞ்சு பைட் போதும். யூடிஎஃப்-8இல் 'தமிழ்' என்று எழுதப் பதினைந்து பைட். நான் முதலில் படித்த நீளமான சிறுகதைகள் இப்படித்தான், உள்ளங்கையில் பாதி அளவுத் திரையில், படம் படமாக, பத்தி பத்தியாக வந்தன. அடுத்த பத்தி வரும்வரை முந்தைய பத்தியைத் திரும்பப் படிப்பேன்.

அந்த வேகம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பல ப்ரீபெய்ட் பிளான்களில் தினசரி டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். நாங்கள் மாடியில் கனவு கண்ட 53.6ஐவிட அதிகம். அன்றைக்குப் பரிசு, இன்றைக்குத் தண்டனை. ஏனென்றால் இன்றைய ஒரு சராசரி இணையப் பக்கம் 2 எம்பிக்கு மேல். 64இல் அது இறங்க நாலு நிமிஷத்துக்கு மேலாகும். இந்தத் தடவை குறுக்கே யாரும் பேசவில்லை. பக்கம் அந்த அளவுக்குக் கனத்துவிட்டது.

அதனால் என் லேப்டாப் பிரவுசரில் 50 கேபிபிஎஸ், 700 மில்லிசெகண்ட் தாமதம் என்று ஒரு செட்டிங் நிரந்தரமாக இருக்கிறது. எங்கள் டீம் கட்டும் ஒவ்வொரு திரையையும் ஒரு தடவை அதில் திறந்து பார்ப்பேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்த ஸ்பீட்ல யாருண்ணா யூஸ் பண்றாங்க?"

"ராத்திரி எட்டு மணிக்கு மேல எங்க அப்பா."

அவர் பழைய படப் பாடல்கள் பார்த்து அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிடுவார். அதற்குப் பிறகுதான் கரண்ட் பில் கட்டணும் என்று நினைப்பு வரும்.

அவள் சிரித்தாள். அப்புறம் உட்கார்ந்து, பட்டனுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த ஒரு எம்பி படத்தைப் பின்னால் தள்ளினாள். பட்டன் இப்போது பதினொரு நொடியில் வருகிறது. இன்னும் குறைக்கலாம் என்கிறாள்.