மலடன் என்ற சொல்

மலடி என்னும் சொல்லை நம் சமுதாயம் தாராளமாக வழங்குகிறது. மலடன் என்ற சொல்லும் அகராதியில் உண்டு. ஆயினும், தமிழையே சிறப்புப் பாடமாகப் பயின்ற நான், ஊரவர் வாயிலிருந்து அதனை ஒருமுறையேனும் கேட்டதில்லை. சொல் இருந்தும் வழக்கில்லையெனின், காரணத்தை இலக்கணத்தில் தேடிப் பயனில்லை. சமுதாய அமைப்பிலேயே தேட வேண்டும்.

திருமணமாகி ஆறாண்டுகள் எங்களுக்குப் பிள்ளைப்பேறு இருக்கவில்லை. என் மனைவி விரதங்கள் பிடித்தாள். நல்லூருக்கும் முன்னேச்சரத்துக்கும் நேர்த்தி வைத்தாள். என்னை எவரும் எதுவும் கேட்கவில்லை. இறுதியில் வைத்தியர் இருவரையும் பரிசோதித்தார். குறை என் விந்தணுக்களின் எண்ணிக்கையில் இருந்தது. பிள்ளைப்பேறின்மையில் ஏறத்தாழப் பாதியளவில் ஆணின் பங்கும் உண்டு என்று அவர் வெகு சாதாரணமாகக் கூறினார். காரணம் இன்னதென்று அவரால் கூற இயலவில்லை. அதன் பின்னரே இவ்விடயம் பற்றி நான் வாசிக்கத் தொடங்கினேன்.

வாசித்தவற்றுள் ஒரு வரலாறு என்னை உலுக்கியது. வாழை முதலிய பயிர்களின் வேரைத் தாக்கும் புழுக்களைக் கொல்ல டீ.பீ.சீ.பீ. என்றொரு நஞ்சு விற்கப்பட்டது. அது எலிகளின் விந்தகங்களைச் சுருங்கச் செய்கிறது என்பது 1961இலேயே ஆய்வொன்றில் வெளியாயிற்று. விற்பனை நிற்கவில்லை. 1977இல் கலிபோர்னியாவின் லாத்ரொப் நகரத் தொழிற்சாலையொன்றில் அதனைக் கலந்த தொழிலாளர், தங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லையே என்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டனர். பரிசோதனை அவர்களது ஐயத்தை மெய்ப்பித்தது. 1979இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பாவனையைத் தடைசெய்தது. அதற்குள் கொஸ்தா ரிக்காவின் வாழைத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் மலடாகியிருந்தனர்.

இன்று இரசாயனம் நம் குளியலறைக்கே வந்துவிட்டது. ஷம்பூவிலும் முகப்பூச்சிலும் பூமணம் ஊட்டிய லிலியால் என்ற பொருள், விலங்குகளின் இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்வதாகக் கண்டறியப்பட்டமையால், 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருள்களில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் பல்லாண்டுகள் கோடிக்கணக்கானோர் அதனைப் பூசியிருந்தனர். தொழிற்சாலையில் உடலிற் சேர்ந்த நஞ்சின் அளவும் ஷம்பூவில் உள்ள அளவும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்குவது விஞ்ஞானமாகாது. ஆனால் வணிகத்தின் முறை ஒன்றே: முதலில் விற்பனை, பின்னர் விசாரணை. இன்றும் பல பொருள்களின் உறையில் 'வாசனை' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ இரசாயனங்கள் ஒளிந்துகொள்கின்றன.

முதலாளியின் இரகசியமும் ஆணின் வெட்கமும் இங்கே ஒன்றுக்கொன்று துணைபோகின்றன. லாத்ரொப் தொழிலாளர் வாய் திறந்தமையாலேயே உண்மை வெளிவந்தது. ஆகவே, பொருளின் உறையில் உள்ளடக்கம் முழுவதும், வாங்குபவனின் மொழியில், எழுதப்படல் வேண்டும் எனக் கோருவோம். பிள்ளையில்லாத வீடுகளில் ஆணும் முதல்நாளே பரிசோதனைக்குச் செல்லட்டும். அதனை வகுப்பறையிற் கூச்சமின்றி எடுத்துரைப்பது ஆசிரியர்களாகிய நம் கடமை.