ஆட்டக்காரரை அழைத்தல் அறமாகுமா?

யூபிலி ஆண்டிலே நம் கல்லூரியின் உதைபந்தாட்ட அணி கிண்ணமொன்றை வென்று வரவேண்டுமெனப் பழைய மாணவர் விரும்புவது இயல்பே. அவ்விருப்பால் உந்தப்பெற்ற அன்பர் சிலர், வெலிமடையில் வாழும் எமக்குக் கடிதம் விடுத்து, “உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நன்றாக ஆடும் பையன்கள் இருப்பின் நம் பயிற்றுநரிடம் அனுப்புங்கள், மற்றவற்றை யாம் பார்த்துக்கொள்வோம்” என்று கேட்டுள்ளனர். அக்கடிதத்துக்கு யாம் அளிக்கும் விடையே இக்கட்டுரை.

ஒரு பாடசாலைக்கு ஆடும் பிள்ளையை இன்னொரு பாடசாலை ஆசைகாட்டி அழைப்பது நம் நாட்டிற் புதுமையன்று. ஆயினும் ஊவாத் தோட்டங்களில் வளர்ந்த எமக்கு அது மிகப் பழைய கதையொன்றை நினைவூட்டுகின்றது. முன்னாளில் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்குத் ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டியிருந்தது. அவனுடைய கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாக அச்சீட்டுக் கூறும். ஆள் வேண்டிய தோட்டம் கங்காணிமார் வாயிலாக முற்பணத்தை ஏற்றிக் கொடுத்து ஆட்களை இழுத்துக்கொள்ளும். முற்பணத்தாற் பயன்பெற்றவர் பெரும்பாலும் கங்காணி. கடன் ஏறியதோ தொழிலாளியின் தலையில். 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. இன்று துண்டின் இடத்தில் பாடசாலை விடுகைப் பத்திரம் நிற்கின்றது. பயன் யாருக்கு, கடன் யாருக்கு என்னும் கேள்வி மட்டும் மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எம் அயற்றோட்டத்துப் பிள்ளையொருவனை நகரத்துப் பாடசாலையொன்றின் பயிற்றுநர் அழைத்துச் சென்றார். விடுதி, உணவு, காலணி யாவும் இலவசமென்று தந்தைக்குச் சொல்லப்பட்டது. பையன் அப்போது பத்தாந் தரத்திற் படித்துக்கொண்டிருந்தான். ஓராண்டு ஆடினான், பின்னர் முழங்கால் முறிந்தது. அடுத்த தவணையில் விடுதியில் அவனுக்கு இடமில்லையாயிற்று. சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில் வெலிமடைப் பஸ்ஸில் வந்திறங்கினான். விட்ட பாடங்களைப் பிடிக்க இயலவில்லை, கணிதத்தில் தேறவில்லை. இப்போது கொழும்பிற் கடையொன்றிற் பணி செய்கிறான். அவன் இல்லாத ஆண்டில் அவனுடைய பழைய பாடசாலை பதினொருவரைச் சேர்க்க முடியாமற் போட்டியிலிருந்தே விலகியது.

இதனால் பாடசாலை மாறுதலே தவறென்று யாம் கூறவில்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்தபின், ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பெரிய பாடசாலைகளிற் சேர்த்திருக்கின்றது. காலி வித்தியாலோகக் கல்லூரியிற் பயின்ற லசித் மாலிங்கவின் திறமையைக் கண்டறிந்தவர் சம்பக்க ராமநாயக்க; மாலிங்க பின்னர் மகிந்தக் கல்லூரிக்கு மாறினார்; அவருடைய புகழை உலகம் அறியும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்தோ அங்கிருந்தே எழுந்து 2024 இல் ஐ.பி.எல். போட்டிகளில் ஆடினார். செல்வதாலும் உயரலாம், இருந்தும் உயரலாம்.

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது: கல்லூரி மாறிய மாணவன் ஓராண்டு ஆடாது காத்திருக்கவேண்டும். பயிற்றுநரோ வேறு கல்லூரிக்குச் சென்று உடனே பணியேற்கலாம். 2021 இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. 2024 இல் மேலும் தளர்ந்தது. ஆயினும், மாறும் விருப்பத்தை மாணவன் முறைப்படி பதிவு செய்யுமுன் பிற கல்லூரிப் பயிற்றுநர் அவனை அணுகலாகாது என்னும் விதியை அங்கு கைவிட்டாரல்லர். மாணவன் செல்ல விரும்புவது வேறு. பயிற்றுநர் அவனைச் சென்று கலைப்பது வேறு.

ஆதலின் அன்பர்க்கு எம் விடை இது. பிள்ளையும் பெற்றோரும் விரும்பவேண்டும். அவனுடைய இப்போதைய அதிபர் அறியாமல் எதுவும் நடத்தலாகாது. கால் முறிந்தாலும், அணியில் இடம் இழந்தாலும், உயர்தரப் பரீட்சை முடியும்வரை விடுதியும் வகுப்பும் அவனுக்கு உண்டென்று நம் கல்லூரி அதிபர் எழுத்தில் தரவேண்டும். இது பெரிய கேள்வியன்று. பந்தைத் தொட்டறியாத தோட்டத்துப் பையனாகிய எம்மையும் அவ்விடுதி அன்று ஏற்று, இறுதிவரை வைத்திருந்ததன்றோ? அவ்வுறுதி கிடைக்குமாயின் பிள்ளையைப் பண்டாரவளையில் யாமே ரெயிலேற்றிவிடுவோம்.

அது இயலாதெனில், ஆட்டக்காரரைத் தேடச் செலவிட எண்ணிய பணத்திற் பந்துகளும் காலணிகளும் வாங்கி இப்பக்கத்துப் பாடசாலைகளுக்கு அனுப்புக. யூபிலி ஆண்டு முடியுமுன் நம் அணியும் இங்கு வந்து இப்பிள்ளைகளோடு ஓர் ஆட்டம் ஆடட்டும். அவ்வாட்டத்தில் நம் கல்லூரி தோற்பினும் யாம் வருந்தோம்.