பழையதல்ல என்பதற்குச் சான்று

இந்தியாவிலிருந்து தொல்பொருள் ஒன்றை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி கோரும் விண்ணப்பம் தனிநபரைப் பொறுத்தவரை கிடையவே கிடையாது. 1947ஆம் ஆண்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் உரிமம் பெற்று அனுப்பும் வழி ஒன்று இருந்தது. தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972 என்னும் புதிய சட்டம் 1976 ஏப்ரல் 5 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்த வழியும் அடைபட்டது. நடுவண் அரசும் அது அதிகாரமளித்த அமைப்புகளும் தவிர வேறு எவரும் தொல்பொருளை ஏற்றுமதி செய்வது சட்டப்படி ஆகாது என்பது இச்சட்டத்தின் 3ஆவது பிரிவு. ஆகவே, கலைப்பொருள் வணிகத்தில் 'பர்மிஷன்' என்று பேச்சுவழக்கில் சுட்டப்படுவது, பெரும்பாலும், அனுப்பப்படும் பொருள் தொல்பொருள் அன்று என்று இந்தியத் தொல்லியல் துறையின் வல்லுநர்கள் பார்த்துத் தரும் சான்றிதழையே. 'நான்-ஆன்டிக்விட்டி சர்டிஃபிகேட்' என்று ஏற்றுமதியாளர்களும் சரக்கு முகவர்களும் வழங்கும் இச்சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதுவது ஒரு தனித் தொழிற்கலை. ஏனைய அருங்காட்சியக எழுத்துகளெல்லாம் ஒரு பொருளின் பழமையை நிறுவ முயலும்போது, இது அதன் இளமையை நிறுவ வேண்டியிருக்கிறது.

எது தொல்பொருள் என்பதற்குச் சட்டம் தரும் வரையறை அகலமானது. நாணயம், சிற்பம், ஓவியம், கல்வெட்டு முதலியனவும், கட்டடத்திலிருந்தோ குகையிலிருந்தோ பெயர்த்தெடுக்கப்பட்ட உறுப்புகளும், கடந்த காலத்தின் கலை, சமயம், வழக்கம், அறிவியல் ஆகியவற்றை விளக்கும் பொருள்களும் நூறு ஆண்டுகள் நிறைந்தவையாயின் அதனுள் அடங்கும். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் மதிப்புடைய சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் எழுபத்தைந்து ஆண்டுகளே போதும். இரவி வர்மா, அமிர்தா ஷேர்கில், ஜாமினி ராய் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் 'கலைப் பொக்கிஷம்' என்ற தனி வகையாக அறிவிக்கப்பட்டிருப்பதால், வயது எவ்வளவாயினும் அவையும் நாட்டைவிட்டு வெளியேற இயலாது. ஒரு பொருள் இவ்வரையறைக்குள் வருமா வராதா என்ற ஐயம் எழுந்தால், தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்ட, இயக்குநர் நிலைக்குக் குறையாத அலுவலரோ எடுக்கும் முடிவே இறுதியானது என்கிறது 24ஆவது பிரிவு. விண்ணப்பம் எழுதுபவர் மறக்கக்கூடாத பிரிவு இதுவே. ஏனெனில் ஐயம் எழுவது சுங்கத் துறையின் கிடங்கில், பெட்டி ஆணியடிக்கப்பட்ட பிறகு, கப்பலோ விமானமோ புறப்படவிருக்கும் வேளையில். அங்கே எழக்கூடிய ஐயத்தை முன்கூட்டியே, பட்டறையிலேயே தீர்த்துவைப்பதுதான் விண்ணப்பத்தின் வேலை.

தமிழகத்தில் இந்த வேலை எவ்வளவு சிக்கலானது என்பதைச் சுவாமிமலையின் வார்ப்புப் பட்டறைகளில் காணலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் உருவத்தை முழுமையாகச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகவும் பிறகு கனத்த பூச்சுகளாகவும் பூசி, உலர்த்தி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது அங்கே இன்றும் தொடரும் முறை. ஓலை நறுக்கை மடித்து அளவெடுக்கும் தாள மரபும், நடராசரின் விரிசடைக்கும் முயலகனின் கிடைக்கும் உரிய இலக்கணங்களும் இன்றும் கைவிடப்படவில்லை. இதன் விளைவு, மரபுக்கு எவ்வளவு உண்மையாக ஸ்தபதி உழைக்கிறாரோ அவ்வளவுக்கு அவருடைய படிமம் பழையதுபோல் தோன்றும் என்பது. திறமை குறைந்த பட்டறையின் படிமத்துக்கு விண்ணப்பம் எழுதுவது எளிது. அதன் பிழைகளே அது புதியது என்று கூறிவிடும். பெரிய ஸ்தபதியின் படிமத்துக்குத்தான் உழைக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வகத்துக்கு அனுப்பி வயதைக் கணித்துவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். உலோகத்தில் கரிமக் கணிப்பு செல்லாது. உள்ளே மண் கரு வைத்து வார்க்கப்பட்ட படிமங்களில், அம்மண் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தை வெப்ப ஒளிர்வு முறையால் ஓரளவு கணிக்கலாம். ஆனால் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள் உட்கூடு இல்லாத கன வார்ப்புகள் என்பதால் எடுத்துச் சோதிக்க மண் கருவே இல்லை. தொல்லுலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் தென்னிந்தியப் படிமங்களிலுள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களையும் நுண்தனிமங்களையும் ஆராய்ந்து அவற்றைக் கால வாரியாகக் குழுக்களாகப் பிரித்துக் காட்டியது பெரும் முன்னேற்றம் என்றாலும், ஒவ்வொரு ஏற்றுமதிப் பெட்டிக்கும் அச்சோதனையை நடத்துவது நடைமுறையில் ஆகாது. இன்றைய உருக்கில் செம்போடு பித்தளையும் சேர்வதால் துத்தநாகம் கூடுதலாக இருப்பது ஒரு பயனுள்ள குறிப்பு. அதுவும் சோழர் காலத்தை விலக்க உதவுமே தவிர, பதினெட்டாம் நூற்றாண்டை விலக்காது. எனவே முடிவு கண்ணிடமும் கையிடமும் வந்து நிற்கிறது.

வல்லுநரின் கண் தேடுபவை ஓரளவு நிலையானவை. பல தலைமுறை அபிஷேகத்தாலும் புளியிட்டுத் துலக்கியதாலும் மூக்கு, மார்பு, முழங்கால் முதலிய மேடான இடங்கள் மழுங்கியிருக்கும். மடிப்புகளுக்குள் மட்டும் கூர்மை எஞ்சியிருக்கும். மண்ணில் புதைந்து கிடந்த படிமமாயின், செம்பின் சிவந்த ஆக்சைடு படலம் அடியிலும் பச்சைக் களிம்பு அதன்மேலுமாக உலோகத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். அமிலத்தால் வரவழைத்த பச்சையோ பெரும்பாலும் மேலோட்டமாகப் படிந்து, பஞ்சில் தேய்த்தால் விட்டுக்கொடுத்துவிடும். பழைய படிமங்களில் நுண்வேலை பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்துவிட்டதென்றும், பிற்காலத்தில் உலோகத்தின் மேல் உளிவேலை மிகுந்ததென்றும் கலை வரலாற்றாளர் பலர் கருதுவதால், ஆபரணங்களின் ஓரத்திலும் பின்புறத்திலும் உள்ள உளித் தடங்கள் தனிக் கவனம் பெறுகின்றன. பீடத்தில் உலாவுக்குத் தண்டு செருகும் துளைகள் இருந்தால், அவற்றின் உட்புறத்தில் தேய்மானம் உண்டா என்று விரலை விட்டுப் பார்ப்பதும் உண்டு. புதிய படிமத்திலும் மரபின் பொருட்டு அத்துளைகள் அமைக்கப்படுகின்றன, ஆனால் தேய்மானத்தை யாரும் அமைப்பதில்லை, ஏமாற்ற நினைப்பவரைத் தவிர.

நல்ல விண்ணப்பம் இந்தத் தேடலை எதிர்பார்த்து எழுதப்படும். 'பித்தளை நடராசர், கைவினைப் பொருள், ஒன்று' என்று எழுதி முன்புறத்தை மட்டும் படமெடுத்து இணைப்பது, இத்தொழிலில் மலிந்துவிட்ட சோம்பல். உயரமும் அகலமும் எடையும், திருவாசி தனி வார்ப்பா உடன் வார்ப்பா என்பதும், பீடத்தின் அடிப்பகுதியும் முதுகும், வார்ப்பின்போது குமிழி விழுந்து அடைக்கப்பட்ட ஒட்டுகளும், உலோகம் ஊற்றிய வாய்க்கால் அறுக்கப்பட்ட இடங்களும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். அழகான படத்தைவிட அடிப்பகுதியின் அழகற்ற படமே வல்லுநருக்கு அதிகம் சொல்கிறது. புதிதாய் அரம் ராவிய உலோகத்தின் நிறத்தை அங்கேதான் மறைக்க இயலாது. இவற்றோடு, மெழுகு நிலையில் எடுத்த படமும், அச்சை உடைத்த அன்று எடுத்த படமும், உலோகம் வாங்கிய ரசீதும் சேர்ந்தால் விண்ணப்பம் ஏறத்தாழ முடிந்துவிட்டது எனலாம். மெழுகு வடிந்துவிடுவதாலும் அச்சு உடைக்கப்படுவதாலும் இம்முறையில் பிறக்கும் ஒவ்வொரு வார்ப்பும் ஒற்றைப் பிறவி. மெழுகில் தெரியும் விரல் தடமோ சற்றே சாய்ந்த மலரிதழோ உலோகத்திலும் தெரியுமானால், இதைவிடச் சிறந்த பிறப்புச் சான்று வேறில்லை. சிறு படிமங்களுக்கு ரப்பர் அச்சில் மெழுகு எடுக்கும் பட்டறைகளுக்கு இந்த வசதி குறைவு. அங்கே எடையும் ஒட்டுகளும் கூடுதல் பாரம் சுமக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று பட்டறைக்காரர்கள் சலித்துக்கொள்வதுண்டு. அதற்கு விடை சிவபுரத்தில் இருக்கிறது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகள், 1954இல் செப்பனிடுவதற்காக ஒரு பட்டறைக்குக் கொடுக்கப்பட்டன; கோயிலுக்குத் திரும்பியவை நகல்கள். கோயிலில் இருக்கும் நடராசர் புதியது என்பதை 1965இல் வெளியான தம் நூலில் கலை வரலாற்றாளர் டக்ளஸ் பாரெட் சுட்டிக்காட்டும்வரை அது வெளியுலகுக்குத் தெரியவில்லை. அசல், அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்து, நீண்ட வழக்குக்கும் உடன்படிக்கைக்கும் பிறகு 1986இல்தான் இந்தியா மீண்டது. நகல் கோயிலில் இருக்க அசல் கப்பலேறியது அன்றைய உத்தி. இன்றைய அச்சமோ, நகலுக்குச் சான்றிதழ் பெற்று, அதே சான்றிதழின் நிழலில் அதன் இரட்டையான அசலைக் கப்பலேற்றுவது. முன்புறப் படம் ஒன்றுடன் பொதுப்படையாக எழுதப்பட்ட விண்ணப்பம் எந்த நடராசருக்கும் பொருந்தும் என்பதால், அது திருடனுக்கு வெற்றுக் காசோலையாகிவிடுகிறது. வல்லுநர் பார்த்த படத்தின் மேல் முத்திரையிட்டுத் தருவதன் பொருள் இதுதான். பொருளுக்கும் காகிதத்துக்கும் இடையிலான முடிச்சு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவே அம்முத்திரையின் மதிப்பு.

ஸ்ரீபுரந்தான் நிகழ்வு இந்த அச்சத்தை இன்னும் கூர்மையாக்கியது. அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர்க் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களின் நடுப்பகுதியிலிருந்து கோயில் கோயிலாகச் சென்று தொகுத்த புகைப்படத் திரட்டு இத்தகைய திருட்டுகளை அடையாளம் காண உதவியது. 2014இல் படிமம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. இத்திருட்டின் பின்னிருந்த கடத்தல் வலைப்பின்னலைப் பற்றிய விசாரணைகளில் மீண்டும் மீண்டும் வெளிப்பட்ட ஒன்று, பழந்திருமேனிகள் கைவினைப் பொருள்கள் என்ற பெயரில், புதிய வார்ப்புகளோடு கலந்து அனுப்பப்பட்டன என்பது. அதன் பிறகு 'கைவினைப் பொருள்' என்ற சொல்லையே சுங்க அலுவலர் ஐயத்தோடு படிக்கும் நிலை வந்தது. அந்த ஐயத்தின் சுமையை நேர்மையான ஸ்தபதிகளே சுமக்கிறார்கள். அலுவலரைக் குறைகூறுவதில் பயனில்லை என்பதே இத்தொழிலில் இருப்போரின் நடுநிலையான கருத்தாக இருக்க முடியும்.

குறைகூற வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது 'ஆன்டிக் ஃபினிஷ்'. புதிய வார்ப்பின் பொன்னிறம் வெளிநாட்டு வாங்குநருக்குப் பிடிப்பதில்லை என்பதால், இரசாயனத்தால் கறுப்பும் பச்சையும் ஏற்றித் தரும் வழக்கம் பரவிவிட்டது. இதில் சட்டக் குற்றம் எதுவுமில்லை, விற்பவர் புதியதென்று சொல்லியே விற்கும்வரை. ஆனாலும் பழமையின் வேடத்தைப் பூசிவிட்டு, வேடத்துக்குள் பழமை இல்லை என்று விண்ணப்பத்தில் மன்றாடுவது விந்தையான உழைப்பு. செய்துதான் ஆகவேண்டுமென்றால், பூச்சுக்கு முன்னும் பின்னும் படமெடுத்து, பயன்பட்ட பூச்சை விண்ணப்பத்திலேயே வெளிப்படையாகக் குறிப்பிடுவதும், பீடத்தின் அடியில் ஓர் ஓரத்தைப் பூசாமல் விடுவதும் விவேகம். கோயில்களுக்காகச் செய்யப்படும் திருமேனிகளில் இத்தொல்லை இல்லை. வெளிநாட்டுத் தமிழர் கோயிலுக்குச் செல்லும் படிமத்தில், கண் திறக்கும் சடங்கு பிரதிஷ்டையின்போது நடக்கும்பொருட்டுக் கண்ணின் கடைசிக் கோட்டை ஸ்தபதி விட்டுவைத்திருந்தால், அதையும் விண்ணப்பத்தில் எழுதலாம். வழிபாட்டில் ஒருநாளும் இருந்திராத படிமம் என்பதற்கு அது ஒரு குறிப்பு.

நூறாண்டு என்ற கோடு ஆண்டுதோறும் நகர்வது, வார்ப்புகளைவிட மரப்பொருள் வணிகத்தையே மிகுதியாகப் பாதிக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் பல பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. இடிக்கப்பட்ட வீடுகளின் நிலைகளும் தூண்களும் காரைக்குடிக் கடைகளில் நிற்கின்றன. 1924இல் கட்டிய வீட்டின் செதுக்கு நிலைக்கு 2020இல் கிடைத்திருக்கக்கூடிய சான்றிதழ் இன்று கிடைக்காது. பழைய சான்றிதழை எடுத்துக்கொண்டு வருவோர், அது எழுதப்பட்ட தேதியை முதலில் பார்க்க வேண்டும்.

உண்மையான தொல்பொருள் சட்டப்படி வெளியேறும் வழி கண்காட்சி. அரசோ அரசு அதிகாரமளித்த அமைப்போ அனுப்புவதாயினும் தனி உரிமச்சீட்டு வேண்டும். திரும்பி வரும் நாள், காப்பீடு, பொருளின் நிலை அறிக்கை, உடன் செல்லும் அலுவலர் என்று அதன் உலகமே வேறு. அங்கே நிலை அறிக்கை எழுதுபவர் ஒவ்வொரு கீறலையும் குறிப்பது திரும்பி வரும்போது ஒப்பிடுவதற்காக. இங்கே விண்ணப்பம் எழுதுபவர் ஒவ்வொரு ஒட்டையும் குறிப்பது வேறொன்று அதன் இடத்தில் செல்லாதிருப்பதற்காக.

மிகவும் கடினமான கோரிக்கை வணிகரிடமிருந்து வருவதில்லை. பூசையறையில் தலைமுறைகளாக இருந்த சிறு கிருஷ்ணரையோ கொள்ளுப்பாட்டி காலத்துத் தஞ்சாவூர் ஓவியத்தையோ, குடிபெயரும் பிள்ளைகள் உடன் கொண்டுசெல்ல விரும்புகிறார்கள். சொந்தப் பொருள், விற்பனையும் இல்லை என்பது அவர்கள் வாதம். சட்டமோ உரிமையைப் பார்ப்பதில்லை, வயதையே பார்க்கிறது. 3ஆவது பிரிவை மீறுவோருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத் தண்டனை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதித் தருவது பொய்க்குத் துணைபோவது. பொருளைப் பதிவு அலுவலரிடம் 14ஆவது பிரிவின்கீழ்ப் பதிவுசெய்து, இந்தியாவில் வாழும் உடன்பிறந்தார் பெயருக்கு மாற்றி, உடைமை மாறியதையும் முறைப்படி அறிவிக்கச் சொல்வதே தகும். கிருஷ்ணர் இல்லாமல் போக மனமில்லாதவர்கள் சுவாமிமலையில் அதேபோல் ஒன்று வார்த்து எடுத்துச் செல்லலாம். அப்போது நகலுக்கான விண்ணப்பத்தில் அசலின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, இரண்டையும் அருகருகே வைத்து எடுத்த படங்களை, முதுகும் அடியும் தெரிய, இரண்டின் எடையோடும் சேர்த்து இணைக்க வேண்டும். நகலின் பீடத்துக்கு அடியில் வார்த்த ஆண்டை மெழுகு நிலையிலேயே பொறித்துவிடும்படி ஸ்தபதியிடம் முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.