பிரேக் மாற்றியபின் அணையாத லைட்

பிரேக் பேட்டைச் சொந்தமாக மாற்றிய காரில், டேஷ்போர்டில் புதிதாக எரியும் லைட் பெரும்பாலும் இரண்டு நிறத்தில் வரும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியுடன் சிவப்பாக எரிவது பிரேக் ஒயிலுக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் உரியது. மஞ்சளாக ஏபிஎஸ் என்று எரிவது சில்லின் வேகத்தை அளக்கும் சென்சருக்கு உரியது. மலைநாட்டுப் பசறையின் கராஜ்காரர்கள் ஸ்பானரை எடுக்கும் முன் நிறத்தைக் கேட்பது இதனால்தான். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் 2022இல் ரூபாயும் விழுந்தது. பழைய காரை இழுத்துப் பிடித்து ஓட்டியவர்கள் பேட்டையும் லைனரையும் வீட்டு வாசலிலேயே மாற்றப் பழகியதில் வியப்பில்லை.

சிவப்பு எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஒயில் டப்பா. பேட் தேயத் தேயக் கலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் ஒயில் இறங்கும். புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் அதே ஒயில் மேலே ஏறும். இடையில் நிரப்பி வைத்திருந்தால் வழிந்து பெயின்ட்டை அரிக்கும். எயார் நிப்பிளைத் திறந்துவிட்டுத் தள்ளியிருந்தாலோ ஒயில் வெளியே போயிருக்கும். பெடலை நாலு தரம் மிதித்ததும் மட்டம் டப்பாவின் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போய், உள்ளிருக்கும் மிதவை இறங்கி லைட் எரியும். மட்டம் கோட்டை ஒட்டி நிற்கும் வண்டிதான் ஆளை ஏமாற்றும். டவுனுக்குள் அணைந்திருக்கும் லைட், நமுனுகுலைப் பக்கம் ஏறும்போது ஒயில் ஒரு பக்கம் சாய்ந்ததும் வளைவுக்கு வளைவு மின்னும். அதை வயர்க் கோளாறு என்று எண்ணி டேஷ்போர்டைப் பிரித்தவர்களும் உண்டு.

ஊற்றும் ஒயில் மூடியில் எழுதியிருப்பதாக இருக்க வேண்டும், பெரும்பாலும் டொட் 3 அல்லது டொட் 4. எஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் ஊற்றினாலும் ரப்பர் சீல்கள் ஊதிவிடும். பழைய ஒயிலும் இந்த மலையில் ஆபத்து. புதிய டொட் 3 கொதிக்க 205 பாகை செல்சியஸாவது வேண்டும். ஈரத்தை இழுத்தபின் அது 140 வரை இறங்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் ஒயில் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சாகிவிடும்.

மட்டம் சரியாக இருந்தும் சிவப்பு அணையாவிட்டால் ஹேண்ட் பிரேக் லீவருக்குக் கீழுள்ள சுவிட்ச்சின் வயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். லைட் அணைந்தால் கோளாறு அங்கேதான்.

மஞ்சளுக்குக் கேள்வி வேறு.

"அண்ணே, கலிப்பரக் கழட்டுனப்ப கம்பியில கட்டி வச்சீங்களா, சும்மா தொங்க விட்டீங்களா?"

"தொங்கத்தான் விட்டேன் பாஸ். அஞ்சு நிமிஷந்தான்."

அந்த ஐந்து நிமிடம் போதும். கலிப்பரின் பாரம் ஹோஸில் விழ, அதோடு கிளிப் போட்ட சென்சர் வயரும் இழுபடும். பல டொயோட்டா கார்களில் இதைக் கண்டுபிடிக்க மெஷின்கூட வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சோதனைச் சொக்கட்டில் 4ஆம் துளையையும் 13ஆம் துளையையும் வயர்த்துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் லைட்டே பேசும். மூன்று மின்னல், சிறு நிறுத்தம், இரண்டு மின்னல்: 32, இடப்பக்க முன்சில்லு. 31 என்றால் வலப்பக்கம். பிழை இல்லையென்றால் நிற்காமல் ஒரே சீராக மின்னும். வயர் முழுதாக இருந்தால் சென்சர் முனையில் ஒட்டிய இரும்புத் தூளைத் துணியால் துடைத்தாலே சரியாகிவிடுவதுண்டு. மலிவான ஸ்கேன் கருவிகள் பல எஞ்சினை மட்டுமே படிக்கும். இந்த வேலைக்கு வயர்த்துண்டே மேல்.

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் பிரேக்கைப் பங்கிடும் ஏற்பாடும் நின்றிருக்கலாம். அவசரப் பிரேக்கில் பின்சில்லுகள் முதலில் இறுகி வண்டி சுழலக்கூடும். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பதுளைக்கு இறங்கக் கூடாது, கராஜ்காரரை வண்டியிடம் கூப்பிட வேண்டும்.

மிதவையின் சொக்கட்டைப் பிடுங்கி லைட்டை அணைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பழுதுபார்ப்பு அல்ல.

ஹோஸையோ நிப்பிளையோ திறந்திருந்தால் எயார் எடுக்க வேண்டும். இங்கே ஸ்டியரிங்கும் மாஸ்டர் சிலிண்டரும் வலப்பக்கம் என்பதால், பெரும்பாலான வண்டிகளில் தூரத்திலுள்ள இடப்பக்கப் பின்சில்லில் தொடங்குவார்கள். பெடல் கல்லுப்போல நின்றபின் சமதரையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். சென்சர் சரியாகியிருந்தால் பல கார்களில் சில்லு கொஞ்ச தூரம் உருண்டதும் மஞ்சள் தானாக அணையும்.