அம்மாச்சியின் வெள்ளைச் சேலை

கும்பகோணம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ டிரைவில் போட்டு அனுப்பிய பதினேழு படங்களையும் என் போட்டோக் கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் சம்பளத்தில் கேமரா வாங்கி, முதல் வேலையாக அம்மாச்சியை எடுக்க ஊருக்குப் போயிருக்கிறாய். அதிலேயே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. “எதுவுமே சரியா வரலை மாமா, கேமராவை மாத்தணுமா?” என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. கேமராவில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நீ இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

ஆறாவது படத்தைத் திறந்து பார். அம்மாச்சி சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் தென்னந்தோப்பு பளிச்சென்று இருக்கிறது, முகம் கரிக்கட்டையாக இருக்கிறது. அதே சன்னல், அதே நாற்காலி போதும். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, வெளிச்சம் ஒரு கன்னத்தில் பக்கவாட்டில் விழும்படி உட்கார வை. கண்ணுக்குள் சன்னலின் சின்னப் பிம்பம் ஒரு பொட்டு மாதிரி மின்னும். அந்தப் பொட்டு தெரிந்தால்தான் முகத்துக்கு உயிர் வரும். டியூப்லைட்டை அணைத்துவிடு. சன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் ஒரு நிறம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் பிறகு எந்தத் திருத்தத்திலும் சரியாகாது. கேமராவில் நிமிர்ந்து நிற்கும் அந்தக் குட்டி ஃபிளாஷையும் போடாதே. நேருக்கு நேர் அடித்து, அவள் முகத்துச் சுருக்கங்களையெல்லாம் துடைத்துவிடும். அந்தச் சுருக்கங்களுக்காகத்தானே நீ போனாய்?

முற்றத்தில் பதினொரு மணி வெயிலில் எடுத்தவற்றில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரிகிறது. வெயில் உச்சியில் இருக்கும்போது முற்றத்துக்குப் போகாதே. தாழ்வாரத்தின் ஓரத்தில், நிழல் முடியும் இடத்துக்கு ஒரு முழம் உள்ளே, முற்றத்தைப் பார்க்க உட்கார வை. திறந்த வானத்தின் வெளிச்சம் மெத்தென்று வந்து விழும். நம் வீட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

இப்போது அந்தச் சேலை. அம்மாச்சியின் வெள்ளைச் சேலை உன் படங்களில் சாம்பலாக, துவைக்காத துணி போல இருக்கிறது. அவள் பார்த்தால் வருத்தப்படுவாள், நீலம் போட்டு அலசிக் கட்டுகிறவள். இது உன் பிழை இல்லை. கேமராவுக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. எதிரில் இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல்தான் என்று வைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கும். வெள்ளைச் சேலையைக் கண்டால் “வெளிச்சம் அதிகம்” என்று இருட்டாக்கும். எருமையைக் கண்டால் “வெளிச்சம் போதவில்லை” என்று வெளுப்பாக்கும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும், தேடிப் பார். சேலைக்கு +1 வை, கறுப்பு மாட்டுக்கு −1 வை. +1 வைத்து எடுத்ததில் மடிப்பே தெரியாமல் சேலை எரிந்து போயிருந்தால் +0.7க்குக் குறை. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

படங்களின் விவரத்தையும் திறந்து பார்த்தேன். லென்ஸ் எந்த நீளத்தில் இருந்தது, ஷட்டர் என்ன, ஐஎஸ்ஓ என்ன என்று எல்லாம் ஒவ்வொரு படத்தோடும் பதிவாகியிருக்கிறது. முகத்தை 18-ல் வைத்து, மூக்குக்கு அருகில் போய் எடுத்திருக்கிறாய். அதனால்தான் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விட்டது. முகத்துக்கு லென்ஸை 55-க்குத் திருப்பி, நீ பின்னால் தள்ளி நில். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை உனக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் வை. மற்ற நேரங்களில் ஒரு மாதத்துக்கு லென்ஸை 35-ஐ விட்டு அசைக்காதே. ஆன்றி கார்த்தியே பிரெசோன் என்ற பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸில், ஃபிளாஷ் இல்லாமல் உலகத்தையே எடுத்தவர். 1950-ல் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலைக்கும் வந்திருந்தார். உன் கேமராவின் சென்சார் சின்னது. அதில் 35 வைத்தால் ஏறக்குறைய அவருடைய 50-இன் பார்வைதான். முன்னும் பின்னும் நடக்க உனக்குக் கால் இருக்கிறது. புது லென்ஸுக்கு இப்போது பணம் போடாதே.

ஒன்பது படங்கள் ஆடியிருக்கின்றன. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/15. இதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உன் தாத்தாவை நான் கடைசியாக எடுத்த படமும் 1/15-தான். கூடத்துக் கட்டிலில் சாய்ந்து, மருந்து டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். விளக்கு மங்கல். ஐஎஸ்ஓவை ஏற்றினால் புள்ளி புள்ளியாக வரும், தொழில்காரன் எடுத்த படம் அப்படி இருக்கலாமா என்று 200-லேயே வைத்து அழுத்தினேன். கையும் மூடியும் புகை மாதிரி கரைந்துவிட்டன. முகமும் தெளிவில்லை. அடுத்த வாரம் அவர் இல்லை. அன்றைக்கு 3200 வைத்திருந்தால் புள்ளி இருந்திருக்கும், அப்பாவும் இருந்திருப்பார்.

அதனால் சொல்கிறேன், பாப்பா. இருட்டினால் தயங்காமல் 1600, 3200 என்று ஏற்று. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு 1/125. அம்மாச்சி வெங்காயம் உரிக்கும் கையை எடுக்க வேண்டுமானால் 1/250-க்குக் கீழே குறைக்காதே. அப்பர்ச்சர் எண்ணை உன் லென்ஸ் அனுமதிக்கும் சின்ன எண்ணிலேயே விட்டுவிடு, வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். முழங்கையை விலாவோடு ஒட்டி வை. முடிந்தால் தூணில் சாய்ந்துகொள்.

அம்மாச்சியிடம் “இங்கே பாருங்க, சிரிங்க” என்று சொல்லாதே. விறைத்துப் போவாள். மாவு சலிக்கட்டும், வெற்றிலைக் காம்பு கிள்ளட்டும். நீ பழைய கதை ஏதாவது கேள். பதில் சொல்லி முடித்ததும் ஒரு நிமிடம் எங்கேயோ பார்த்துக்கொண்டு இருப்பாளே, அப்போது அழுத்து.

பொங்கலுக்கு வரும்போது கார்டை அப்படியே கொண்டு வா. ஆடினது, கறுத்தது என்று ஒன்றையும் அழித்துவிடாதே. கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தாழ்வாரத்தில் எடுக்கப்போவதில் ஒன்றை நல்ல தாளில் நானே பிரிண்ட் போட்டு, தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி அடித்து வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் மாமா