தால் கணவாயில் இறங்குமுன்

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னதாக, நாசிக்கிலிருந்து கல்யாணுக்குச் சங்கத்து அண்டாக்களையும் மடக்கு நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு, பழைய லாரியொன்றில் நண்பர்களுடன் புறப்பட்டோம். ரயிலிலிருந்தே பார்த்துப் பழகிய மலையைச் சாலைவழி காணப்போகிறோம் என்று உள்ளம் களித்தோம். லாரிக்கு உடையவரும் ஓட்டுபவரும் ஒருவரே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இப்பக்கம் பல்லாண்டு வண்டியோட்டிப் பிழைக்கும் அண்ணாச்சி.

ஊர் எல்லை தாண்டியதும் 'டணங்' என்றோர் ஓசை எழுந்தது. அண்டாதான் உருளுகிறது என்றெண்ணி, சாக்கைத் திணித்துக் கயிற்றால் இறுகக் கட்டினோம். மீண்டும் 'டணங்'!

"சத்தம்தானே அண்ணாச்சி, கல்யாண் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று அவசரப்படுத்தியவர்கள் நாமே.

"கணவாய் இறங்கணும் சார். பார்த்துவிட்டே போவோம்" என்று கூறி, கோட்டி என்னும் ஊரில் சாலையோரப் பட்டறையில் வண்டியை நிறுத்திவிட்டார் அவர். நெல்லை அன்பர்கள் ஊர்ப்பெயர் கேட்டு நகைக்க வேண்டா. கோட்டித்தனம் நம்மிடமே இருந்தது.

பட்டறை உஸ்தாத் முதியவர். நின்ற நிலையில் எஞ்சினை முடுக்கச் சொன்னார், ஓசையில்லை. பின் அண்ணாச்சியுடன் ஏறிச் சிறிது தூரம் ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மிதிக்கச் சொன்னார். விட்டபோது ஒரு 'டணங்', மிதித்தபோது ஒரு 'டணங்'. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் வழியில்தான் கோளாறு என்று அதிலேயே தெளிந்தார்.

சக்கரங்களுக்குக் கல் அண்டக்கொடுத்து, அடியில் படுத்து, புரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருகினார். பின்மூட்டின் கிராஸ் ஆடிற்று. கிரீஸ் வற்றி, உள்ளிருந்த ஊசி பேரிங்குகள் தேய்ந்து, செந்துருப் பொடியாய் உதிர்ந்திருந்தன. திரும்ப மாட்டும்போது இடம் மாறாதிருக்க இரு பாகங்களிலும் உளியால் அடையாளமிட்டுக் கழற்றி, புதுக் கிராஸைப் பொருத்திக் கிரீஸ் ஏற்றினார். இரண்டு மணி நேரத்தில் ஓசை அடியோடு நின்றது.

"இறக்கத்தில் ஷாஃப்ட் கழன்றால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, பிரேக் ஒன்றே துணை. அதுவும் சூடேறினால் பிடிப்புக் குறையும்" என்று உஸ்தாத் சொன்னபோது, நாம் காட்டிய அவசரத்தை எண்ணி நாணினோம்.

இகத்புரி கடந்து கசாராவை நோக்கி மெல்ல இறங்கினோம். பழுத்த புல்லும் கரும்பாறையுமாய் மலை வெயிலில் விரிந்து கிடந்தது. 1865-இல் திறந்த இக்கணவாய் ரயில்பாதை, 37 அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுவது. மேலேறும் ரயில்களைப் பின்னின்று தள்ளத் துணை எஞ்சின்கள் உண்டு. கீழிறங்கும் ரயில்களோ இகத்புரியில் பிரேக் சோதித்த பின்பே நகரும். ரயில்வேயில் எழுத்தராயிருந்து இவ்விதியை நன்கறிந்த நாம், சாலைக்கு வந்ததும் அதை மறந்தோம்!

பொங்கலன்று அவ்வண்டாக்களில் பால் பொங்கியபோது, பிள்ளைகளின் கூச்சலினிடையே அண்ணாச்சியின் முகத்தையே நோக்கினோம். அன்பர்களே, ஓசை கேட்டால் அதன்மேல் சாக்கைத் திணிப்பது எளிது. நின்று காரணம் கேட்பவரே நம்மைக் கரை சேர்ப்பவர்.